ராக்காயியின் கூடைக் கயிறு

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! வாலிபர் மன்றத் தலைவர் தம்பி நிரோஷன் அவர்களே! கோயில் பரிபாலன சபைத் தலைவர் பொன்னையா ஐயா அவர்களே! தேயிலை மலையிலிருந்து நேராக இறங்கி வந்து, இடுப்புச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் பின்வரிசையில் இருக்கும் என் அக்கா தங்கச்சிமார்களே! பெற்ற மகளைப் பறிகொடுத்துவிட்டு இந்த முன்வரிசையில் குனிந்த தலையோடு இருக்கும் காளியாயி அக்கா அவர்களே! அக்காவை இழந்து நிற்கும் தங்கை வினோதாவே! உங்கள் எல்லோருக்கும் என் சலாமும் வணக்கமும்.

நான் செரீபா. இறம்பொடைக் கடைவீதியில் வளையலும் பிளாஸ்டிக் வாளியும் விளையாட்டுச் சாமானும் விற்கும் நஸார் ஃபேன்சி ஹவுஸ் தெரியுமல்லவா? அந்த நஸாருடைய மனைவி. மறைந்த பிரேமினி பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எங்கள் கடையில்தான் வேலை செய்தாள். அவர், அவர்கள் என்று மரியாதை கொடுத்துப் பேச எனக்கு வராது. அவள் என்னை அக்கா என்றாள், நான் அவளை வாடி போடி என்றேன். அப்படியே பேசிவிட்டுப் போகிறேன்.

"ரெண்டே ரெண்டு வார்த்த பேசுங்கக்கா" என்று தம்பி நிரோஷன் கேட்டுக்கொண்டார். இரண்டு வார்த்தை என்றால், எனக்கு இப்போது வாயில் வருவது இந்த இரண்டுதான்: அருவருப்பாக இருக்கிறது. இரங்கல் கூட்டத்தில் பேசுகிற பேச்சா இது என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுக் கேளுங்கள்.

எனக்கு முன்னால் எத்தனை பேர் பேசினார்கள்! "கலைத்தாயின் தவப்புதல்வி" என்றார் ஒருவர். "மலையகத்தின் மங்காத தூரிகை" என்றார் இன்னொருவர். பொன்னையா ஐயா ஒரு படி மேலே போய், பிரேமினி தெய்வத் திருவுருவங்களை வரைந்து உலகப் புகழ் பெற்றாள் என்றே சொல்லிவிட்டார். ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒன்று கேட்கிறேன். எந்தத் தெய்வத்தை வரைந்தாள்? முருகனையா? மாரியம்மனையா? ஒரு படத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்!

காட்ட முடியாது. ஏனென்றால் அவள் வரைந்தது பொம்மை! இவ்வளவு நேரமாக இந்த மேடையில் ஒருவர் வாயிலும் வராத அந்தச் சொல்லை நான் சொல்கிறேன். பொம்மை, பொம்மை, பொம்மை! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று பார்க்கிறீர்கள். அவளை மறைக்க முடியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மிமூ என்று ஒரு ரப்பர் பொம்மை இருக்கிறது. கட்டைவிரல் அளவு, முயல் காது, கரடி வயிறு. வெளிநாடுகளில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதைச் சேர்த்து வைக்கிறார்கள். அவர்களெல்லாம் இணையத்தில் ஒரு சங்கமாகக் கூடுகிறார்கள். சேர்த்த பொம்மைகளைக் காட்டுவார்கள், கதை கட்டுவார்கள், மிமூவை வைத்துப் படம் வரைந்து போடுவார்கள். அப்படி வரைகிறவர்களுக்கு ரசிக ஓவியர் என்று பெயர். வருடா வருடம் எல்லோரும் வாக்குப் போட்டு, தங்களுக்குப் பிடித்த ஓவியர்களைத் தெரிவு செய்து ஒரு வரிசை வெளியிடுவார்கள். நம் பகுதியில் கோயில் திருவிழாவுக்கு எவ்வளவு ஆர்ப்பாட்டமோ அவ்வளவு ஆர்ப்பாட்டம் அங்கே அந்த வரிசைக்கு.

அசல் மிமூவை நாங்கள் ஒருநாளும் விற்றதில்லை. எங்களுக்கு வந்தது போலி. பெட்டியைப் பிரித்தால் ஒன்றுக்கு மூக்கு இருக்காது, ஒன்றுக்கு வால் இருக்காது. அப்படி ஒரு கழிவு உருப்படி வந்தது, இடது காது பாதிதான் இருந்தது. வீசு என்றார் என் கணவர். "வீசாதீங்க மாமா, இதுக்கு காது கேக்குது, மூஞ்சியப் பாருங்க" என்று சொல்லி எடுத்துக்கொண்டாள் பிரேமினி. அதற்கு ராக்காயி என்று பெயரும் வைத்தாள். கல்லாப்பெட்டி மேல் அதை நிறுத்திவைத்து, யாரும் வராத நேரங்களில் பார்த்துப் பார்த்து வரைந்தாள். போனில் விரலால்தான் வரைவாள். விரிசல் விழுந்த கண்ணாடி, அதில் இந்தப் பக்கத்துக் கோடு அந்தப் பக்கம் போகாது. சுற்றிக்கொண்டு போவாள்.

என்ன வரைந்தாள்? மற்றவர்கள் மிமூவைக் கடற்கரைக்கும் நிலாவுக்கும் அனுப்பினார்கள். இவள் மலைக்கு அனுப்பினாள்! ராக்காயி விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போய், மேற்பார்க்கும் கண்டாக்கிடம் ஏச்சு வாங்குவாள். காலில் ஏறின அட்டையைப் பிடித்து வைத்து அதனிடமே நியாயம் கேட்பாள். குளவிக் கூட்டைப் பார்த்து "எங்க மலைக்கு நாங்கதான் வாடகக்காரங்க, நீங்க யாரு?" என்று கேட்பாள். நிறுவைத் தராசில் தானே ஏறி நிற்பாள். தலையில் துணி, விரலில் சுற்றிய கந்தல், முதுகில் கூடை. பெயர் போடும் இடத்தில் கூடைக்காரி என்று தமிழிலேயே போட்டாள். தமிழ் வாசிக்கத் தெரியாத தேசத்து மனிதர்கள் அந்த எழுத்தைப் பார்த்தால் போதும், ஓடி வந்தார்கள். எங்கேயோ ஒரு பனி நாட்டில் ஒரு தாதி, காது குறைந்த ராக்காயியைத் துணியில் தைத்துத் தன் நோயாளிக் குழந்தைகளுக்குக் கொடுத்து, அந்தப் படத்தை இவளுக்கு அனுப்பினாள். அன்றைக்குக் கடையில் வியாபாரம் நடந்ததா என்று எனக்கு நினைவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் அதையே காட்டிக்கொண்டிருந்தோம்.

பிடித்த ஓவியர் வரிசையில் அவள் பெயர் வந்தது. அடுத்த வருடமும் வந்தது. அதற்கடுத்த வருடம் எல்லோருக்கும் மேலே வந்தது. இங்கே யாருக்காவது தெரியுமா? தெரிந்தவர்கள் என்ன சொன்னீர்கள்? "கல்யாணம் கட்டுற வயசுல பொம்மையோட வெளயாட்டு." சொன்னவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள், மேடையிலும் இருக்கிறீர்கள். நான் பெயர் சொல்லவில்லை, உங்கள் முகத்தை நீங்களே தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த இணையச் சங்கத்து யோக்கியதையைக் கேளுங்கள். நாம்தான் மோசம், தூரத்தில் இருக்கிறவர்கள் நல்லவர்கள் என்று நினைத்துவிடக் கூடாதே.

இப்போது வார்த்தையால் சொன்னால் படம் வரைந்து கொடுக்கிற கணினி மிஷின் வந்துவிட்டதல்லவா? அதைக் கொண்டு ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கிறோம் என்று அங்கே சில பெரிய மனிதர்கள் கிளம்பினார்கள். கிளம்பி யாரைப் பிடித்தார்கள்? எங்கள் பிரேமினியை! ஆதாரம் என்ன தெரியுமா? சொன்னால் சிரிப்பீர்கள்.

முதல் ஆதாரம், ராக்காயியின் விரல்கள். கொழுந்து பறிக்கிற விரல் வெட்டுப்படாமல் இருக்கச் சுற்றுகிற கந்தல் துணி இருக்கிறதே, அதைப் பார்த்துவிட்டு, "விரல்மேல் விரல் முளைத்திருக்கிறது, மிஷினுக்குக் கை வரையத் தெரியாது" என்றார்கள். இரண்டாவது ஆதாரம்தான் பெரிய ஆதாரம். கூடையின் கயிறு ராக்காயியின் தலைக்கு மேலால் போகிறதாம். "எந்த மனிதர் கூடையைத் தலையில் மாட்டித் தொங்கவிடுவார்? பை என்றால் தோளில் அல்லவா மாட்ட வேண்டும்? பை சுமக்கத் தெரியாத மிஷின் போட்ட தப்பு இது!" என்று சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆமாம் ஆமாம் என்று கை தட்டினார்கள்.

அக்காமார்களே, கேட்டீர்களா? நீங்கள் காலம் காலமாகச் சுமக்கிறது தப்பாம்! அப்படி ஒருவரும் சுமப்பதில்லையாம்!

பிரேமினி சண்டை போடவில்லை. வளைவில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, அம்மா கூடையோடு மலையில் நிற்கும் போட்டோவை அனுப்பினாள். இதோ பாருங்கள், கயிறு தலையில்தான், இவர் என் அம்மா என்று எழுதினாள். பதில் வந்தது. இந்தப் போட்டோவும் மிஷின் செய்ததுதான் என்று!

சீ! இதோ இருக்கிறார் காளியாயி அக்கா. இவரையா மிஷின் செய்தது? கறுத்துப்போன இந்த விரல்களையா மிஷின் செய்தது? ஒரு பெண்ணின் படத்தைப் பொய் என்று சொல்லலாம், பொறுத்துக்கொள்ளலாம். பெற்ற தாயே பொய் என்று சொல்ல எவ்வளவு கொழுப்பு வேண்டும்! பிரேமினியின் பெயரை வரிசையிலிருந்து எடுத்தார்கள். பழைய வருடங்களிலிருந்தும் எடுத்தார்கள்.

அன்றைக்கு அவள் கடைக்கு வந்து சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது. "அக்கா, எங்கம்மா மிஷினாம்க்கா. அப்ப இனிமே விடியக்காலைல எழுப்பி ரொட்டி சுட்டுக் குடுக்கத் தேவயில்ல. ராத்திரி சார்ஜுல போட்டு வச்சா போதும், தானா பெரட்டுக்குப் போயிரும்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் ஒரு படம் வரைந்தாள். ராக்காயி சுவரில் சொருகிய வயரோடு நின்று தேத்தண்ணி குடிக்கிறாள். அந்தப் படத்தை எங்கேயும் போடவில்லை, எனக்கு மட்டும் காட்டினாள்.

இந்த இடத்தில் இன்னொரு பொய்யையும் உடைத்துவிடுகிறேன். அந்த அவமானத்தில் மனம் உடைந்துதான் செத்துப்போனாள் என்று இரண்டு பேர் இங்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்கள். அப்படிச் சொல்லாதீர்கள்! சின்ன வயதுக் காய்ச்சலில் அவள் இதய வால்வு பழுதானது. அதனால்தான் மலைக்குப் போகாமல் கடைக்கு வந்தாள். அந்த இதயம்தான் நின்றது. மனம் நிற்கவில்லை. கடைசி வாரத்தில்கூட வரைந்தாள். அவள் சாவுக்கு உங்கள் வசதிப்படி கதை கட்டி விற்காதீர்கள்.

சரி. செத்த செய்தியை வினோதா அந்தச் சங்கத்தில் எழுதினாள். என்ன நடந்தது? ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். கறுப்புப் பட்டி கட்டினார்கள், மெழுகுவர்த்திப் படம் போட்டார்கள். "நாங்கள் எப்போதும் கூடைக்காரியை நம்பினோம்" என்று எழுதினான், சிவப்பு வட்டம் போட்ட அதே ஆள்! எடுத்த பெயரை மறுபடி எல்லா வருடங்களிலும் சேர்த்தார்கள். அவள் நினைவாகப் போட்டி போட்டுக்கொண்டு ராக்காயியை வரைகிறார்கள். வினோதா காட்டினாள். இப்போது எல்லோரும் கயிற்றைத் தலைக்கு மேலால்தான் வரைகிறார்கள். உயிரோடு சொன்னபோது நம்பாதவர்கள், பிணமாகிச் சொன்னபோது நம்புகிறார்கள்.

பொன்னையா ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இதோ முடிக்கிறேன் ஐயா, உங்கள் பங்குக்கு வந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பெனரை எல்லோரும் ஒருதரம் நிமிர்ந்து பாருங்கள். நன்றாகப் பாருங்கள். வலது பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு பெண். சினிமாக்காரி மாதிரி மூக்கு, பால் மாதிரி கன்னம். அதுதான் பிரேமினியாம்! வினோதா கொடுத்த போட்டோவை மிஷினில் போட்டு வெளுத்து எடுத்திருக்கிறார்கள். மாலையில் இதைக் கட்டும்போது காளியாயி அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். பார்த்துவிட்டு, "இது யாரு பெத்த புள்ளங்க?" என்று கேட்டார். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று எல்லோரும் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

இடது பக்கம் பாருங்கள். ராக்காயியாம். இரண்டு காதும் முழுசாக இருக்கிறது! ஏன்? அசல் படத்தை வினோதா தம்பி நிரோஷனுக்கு அனுப்பியிருந்தாள். தம்பி அவளிடம் என்ன சொன்னார்? "அதுல ஒரு காது சின்னதா இருக்கு வினோ, பார்க்கிறவங்க பிழைன்னு நினைப்பாங்க. நான் மிஷின்ல குடுத்து நல்லதா எடுத்துத் தாறேன்." மிஷின் நல்லதாக எடுத்துத் தந்துவிட்டது. காதைச் சரி பண்ணிவிட்டது. விரலில் துணி இல்லை, நகத்தில் பூச்சு இருக்கிறது. கூடை எங்கே மாட்டியிருக்கிறது? சொல்லுங்கள், கூடை எங்கே மாட்டியிருக்கிறது? தோளில்! இரண்டு பட்டி போட்டு, பள்ளிக்கூடப் பை மாதிரி இரண்டு தோளிலும்!

கடல் தாண்டி இருக்கிறவனுக்குக் கூடை தெரியாது, மன்னித்துவிடலாம். இந்த மண்டப வாசலில் வரிசையாக என்ன வைத்திருக்கிறது? உங்கள் கூடைகளும் சாக்குப் பைகளும் இல்லையா? ஒவ்வொன்றிலும் ஒரு கயிறு இல்லையா? அதைத் தாண்டித்தானே தம்பி இந்தப் பெனரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தீர்கள்? உங்களைப் பெற்றவள் கூடைக் கயிற்றை எங்கே போட்டாள்? மிஷின் என்று பழி சுமத்தப்பட்ட பெண்ணுக்கு மிஷின் வரைந்த படத்தால் அஞ்சலி செலுத்துகிறீர்களே, இது உங்களுக்குக் கூசவில்லையா? எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

இதோடு போனாலும் பரவாயில்லை, ஒரு நாள் பெனர், கிழித்துப் போடலாம் என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இந்த மைக்கில் ஒரு அறிவிப்பு செய்தார்கள். இதே படத்தை, வருகிற ஞாயிற்றுக்கிழமை, மலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஆள் வைத்துப் பெரிதாகத் தீட்டப் போகிறார்களாம். கீழே பிரேமினி நினைவுச் சுவர் என்று பெயரும் போடுவார்களாம்.

அந்தச் சுவரின் கதை உங்களுக்குத் தெரியுமா? பிரேமினி உயிரோடு இருந்தபோது அந்தச் சுவரைத்தான் கேட்டாள். அம்மாமார் மலைக்குப் போனபின் பிள்ளைகள் அழுதுகொண்டு அந்தச் சுவரைத்தான் பார்க்கிறார்கள், அதில் ராக்காயியை வரைகிறேன், சும்மா வரைந்து தருகிறேன் என்று கேட்டாள். மன்றத்தில் என்ன பதில் கிடைத்தது? பொம்மைப் படம் போட்டால் பிள்ளைகள் கெட்டுப் போகும்! அவள் வரையக் கூடாத சுவரில் இப்போது அவள் பெயரில் அவள் வரையாத படம்! நாளைக்கு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, அம்மா கூடையைத் தலையில் மாட்டியிருப்பதைப் பார்த்து, "ஏம்மா தப்பாப் போட்டிருக்க?" என்று கேட்கும். அன்றைக்குச் சிவப்பு வட்டம் போட்டவன் சொன்னது நம் பிள்ளைகள் வாயிலேயே வந்துவிடும். அதற்கு நாமே சுவர் கொடுத்து, அவள் பெயரையும் கொடுக்கப் போகிறோமா?

மாட்டோம்! நான் இருக்கும்வரை விட மாட்டேன்.

இந்தக் கூட்டத்தின் முன்னால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுவரில் அவள் படம்தான் ஏறும். வினோதாவின் போனில் இருக்கிறது. சாயம் எங்கள் கடையிலிருந்து வரும், ஏணியை நஸார் கொண்டுவருவார். யார் வரைவது? நாம்தான். எனக்குக் கோலம்கூட ஒழுங்காக வராது. கோணலாக வரட்டும்! ராக்காயியின் காதே கோணல்தான். நிரோஷன் தம்பியும் வரட்டும், கோபமெல்லாம் இல்லை, முதல் கோட்டை அவரே போடட்டும். எது பிசகினாலும் பரவாயில்லை, கயிறு மட்டும் பிசகக் கூடாது.

மலைக்குப் போகிற என் அக்கா தங்கச்சிமார்களே, கடைசியாக உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நான் கூடை சுமந்தவள் இல்லை, எனக்கு அந்த உரிமை இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். உங்கள் கையைத் தூக்கி, தலையில் அந்தக் கயிறு அழுத்துகிற இடத்தில் வையுங்கள். வெட்கப்படாதீர்கள். வையுங்கள். முடி தேய்ந்து ஒரு தடம் இருக்கிறதா? காளியாயி அக்கா, நீங்களும் வையுங்கள். இருக்கிறதா?

இருக்கிறது. எல்லோர் தலையிலும் இருக்கிறது. அப்படி ஒருவரும் சுமப்பதில்லை என்று சொன்னவர்களுக்குப் பிரேமினி காட்ட நினைத்தது அந்தத் தடத்தைத்தான். தம்பி நிரோஷன், பெனரைப் பார்க்காதீர்கள், இந்தப் பக்கம் திரும்பி உங்கள் அம்மாவைப் பாருங்கள். மூன்றாவது வரிசையில் அவரும் தலையில் கை வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

எங்கள் கூடைக்காரியே, பிரேமினி, நீ போய்விட்டாய். உன் ராக்காயி இன்னும் எங்கள் கல்லாப்பெட்டி மேல்தான் நிற்கிறாள், அவளை யாரும் வீச மாட்டோம். நீ கேட்ட சுவரை உனக்கு வாங்கித் தருவோம்.

இந்தப் பெனரை அவிழ்க்கும்வரை நான் மைக்கை விட்டு இறங்கப் போவதில்லை. என்ன, பொன்னையா ஐயா எழும்பிட்டீங்களா? ரொம்ப நல்லது. அந்தப் பக்கத்து முடிச்ச நீங்க அவுத்து விடுங்க, இந்தப் பக்கத்த நான் புடிச்சிக்கிறேன். அக்கா, காளியாயி அக்கா, நீங்க கைய எறக்காதீங்க. இது கீழ வாற வரைக்கும் அப்புடியே வச்சிருங்க.